எட்டுக்கு எட்டு

எந்த மாநில அணிக்கும் சொந்தமாக ஒரு வரைபடம் இருக்கும். எங்கள் புதுச்சேரி கிரிக்கெட் அணிக்கு இருப்பது நாலு துண்டு. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டை ஒட்டி, மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். பயிற்சிக்கு வா என்று ஏனாம் பையனைக் கூப்பிட்டால், அவன் காக்கிநாடா போய் ரயிலேறி, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து வரவேண்டும்.

எங்கள் வீட்டில் கிரிக்கெட் மேல் உள்ள கோபம் 1761-இலிருந்து தொடங்குகிறது. பெரிய மாமா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். “நம்ம ஊரை இடிச்சுத் தரைமட்டமாக்கினான் பாரு இங்கிலீஷ்காரன், அவன் ஆட்டம்டா அது” என்பார். அவருக்கு ஆட்டமென்றால் பெத்தாங்க்தான். வட்டத்துக்குள் காலை ஊன்றி நின்று, இரும்புக் குண்டைக் குட்டி மரக்குண்டுக்குப் பக்கத்தில் விழும்படி எறியவேண்டும். ஓடவே கூடாது. பிரான்சில் மூட்டுவலிக்காரர் ஒருவருக்காக உருவான ஆட்டமாம். மாமாவின் முட்டிக்கும் தோதாக இருக்கிறது. எந்தக் குண்டு கிட்டே என்று தகராறு வந்தால் பையிலிருந்து அளவு நாடா வெளியே வரும். பென்ஷன் புத்தகத்தைக்கூட அவர் அவ்வளவு பத்திரமாக வைத்து நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட ஊர் ரஞ்சிக் கோப்பைக்குள் நுழைய 2018 ஆயிற்று. கிரிக்கெட் நிர்வாகத்துக்கான லோதா குழுவின் சீர்திருத்தங்களை உச்ச நீதிமன்றம் விடாமல் பிடித்துக்கொண்டதில், ஒன்பது புது அணிகளுக்கு ஒரே வருஷத்தில் கதவு திறந்தது. ஒன்பதையும் ‘பிளேட்’ என்று தனிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். வடகிழக்கிலிருந்து ஆறு பேர், பீகார், உத்தராகண்ட், ஓர் ஓரத்தில் நாம்.

அதற்கு முன்பே விஜய் ஹசாரே ஒருநாள் தொடரில் அமர்க்களமான ஆரம்பம். மணிப்பூரை எட்டு விக்கெட்டில் ஜெயித்தோம். மறுநாளே கிரிக்கெட் வாரியம், வெளியூர்க்காரர்களுக்கு முதலில் தந்த சலுகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நம்மவர்களில் எட்டுப் பேர் ஆடத் தகுதியில்லாதவர்கள் என்று சொல்லிவிட்டது. எட்டுக்கு எட்டு, கணக்கு நேர். அன்றைக்கு ராத்திரி எத்தனை அம்மாக்கள் அவசரமாக வெள்ளைச் சட்டை துவைத்தார்களோ!

வெளியூர்க்காரர்களில் மூன்று பேரை மட்டும் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள விதியில் இடமுண்டு. அப்படித்தான் அபிஷேக் நாயர், பங்கஜ் சிங், பாரஸ் டோக்ரா என்று பெரிய பெயர்கள் வந்தன. கர்நாடகத்துக்கு ரஞ்சிக் கோப்பை வாங்கித் தந்த வினய் குமாரே அடுத்த வருஷம் வந்தார். துத்திப்பட்டு மைதானத்தில் பக்கத்திலிருந்த பெரியவரிடம், “இதுல நம்ம ஊர்ப் பையன் யாருங்க?” என்று கேட்டேன். “அதோ, தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போறான் பாருங்க” என்றார்.

ஆனாலும் 2021 ஜனவரி 17-ஐ யாரும் எங்களிடமிருந்து பிடுங்க முடியாது. சையத் முஷ்டாக் அலி இருபது ஓவர் தொடர். எதிரில் சூர்யகுமார் யாதவ் தலைமையில் மும்பை, அதுவும் மும்பையிலேயே. கொரோனா காலம், கைதட்ட ஓர் ஆள் கிடையாது. நம் வேகப்பந்து வீச்சாளர் சாந்தமூர்த்தி 20 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். மும்பை 94-க்குச் சுருண்டது. ஆறு விக்கெட்டில் ஜெயித்தோம். அதுவரை 41 முறை ரஞ்சிக் கோப்பையைத் தூக்கியிருந்த அணியைச் சாய்த்த மனிதருக்கு வயதும் 41. இருபது ஓவர் ஆட்டத்தில் ஐந்து விக்கெட் எடுத்தவர்களில் உலகிலேயே மூத்தவர் என்றார்கள்.

செய்தியை மாமாவிடம் சொன்னேன். மும்பை, சூர்யகுமார் எதற்கும் அவர் அசையவில்லை. வயதைச் சொன்னதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நாப்பத்தொண்ணுலயும் ஓடி வந்தா போடுறான்? முட்டிக்கு என்னடா தேய்க்கிறான், கேட்டுச் சொல்லு.”