ரசனைக்காரர்

கல்யாணச் சந்தையில் இவரை எங்கும் பார்க்கலாம். வயது முப்பதைத் தாண்டியிருக்கும், கைநிறையச் சம்பளம், மேனி நல்ல கறுப்பு. பெண் மட்டும் 'கலராக' இருக்க வேண்டும். இது இனவெறி இல்லையா என்று யாராவது கேட்டுவிட்டால் முகம் சுண்டிப்போகும். "சேச்சே, அதெல்லாம் வெள்ளைக்காரன் பண்றது. எனக்கு இது வெறும் ரசனை."

வெள்ளைக்காரன் பண்ணினால் இவருக்குப் பொறுக்காது என்பதும் உண்மை. 2021 ஜனவரியில் சிட்னி டெஸ்டில் இந்தியப் பந்துவீச்சாளர் முகமது சிராஜைக் கூட்டத்திலிருந்து இனவெறியோடு வசைபாடியதில் ஆட்டம் தடைபட்டது. 6 பேரை வெளியே அனுப்பினார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்று இவர் பொங்கித் தீர்த்தார். தீர்த்த கையோடு, தரகர் அனுப்பிய படத்தைத் திறந்தார்.

படம் பார்ப்பது தனிக் கலை. முகத்தை இவர் நம்ப மாட்டார். அதில் பவுடர் இருக்கும், ஃபில்டர் இருக்கும். இரண்டு விரலால் விரித்துக் கழுத்துக்குப் போவார், அங்கிருந்து முழங்கைக்கு. "மூஞ்சிக்கும் கைக்கும் சம்பந்தமே இல்லையேம்மா" என்று போனை நீட்டுவார். அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரல்கணுவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்.

"பிரியாணி பிடிக்கும், உப்புமா பிடிக்காதுன்னா அது பாரபட்சமா?" என்பது இவருடைய வாதம். யார்மேல் யாருக்கு ஆசை வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்ல முடியாதுதான். இனப்பாகுபாட்டை ஒழிக்க ஐ.நா. 1965-ல் நிறைவேற்றிய உடன்படிக்கை தோல் நிறத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது; 1968-ல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது பேசுவது பொதுவாழ்வைப் பற்றி. பஜ்ஜி, சொஜ்ஜி வைக்கும் கூடத்துக்குள் அது எட்டிப்பார்ப்பதில்லை.

இடிப்பது வேறிடத்தில். ரசனை என்றால் ஆளுக்கு ஆள் மாறவேண்டும். இவருடையதோ அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் தரகருக்கும் அச்சு மாறாமல் இருக்கிறது. 'நல்ல நிறமான மணமகள் தேவை' என்ற விளம்பரங்களிலும் அதேதான். 1975 முதல் ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் அதை டியூபில் அடைத்து விற்றது. கதாநாயகன் எந்த நிறத்திலும் இருக்கலாம், நாயகி மட்டும் மும்பையிலிருந்து வந்து இறங்கவேண்டும் என்று தமிழ் சினிமா அதைப் பாடமாகவே நடத்தியது.

2020-ல் அந்தக் கிரீமின் பெயர் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. கல்யாண இணையதளமான ஷாதி டாட் காம், நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எடுத்துவிட்டது. இவருக்கு நஷ்டமில்லை. தரகரிடம் முழுப் பட்டியலும் மனப்பாடம்: சிவப்பு, புதுநிறம், மாநிறம், அதற்கும் கீழே 'களையான முகம்'.

அப்படிக் களையான முகம் ஒன்றும் வந்தது. டாக்டர், வீட்டுக்கு ஒரே பெண், 100 பவுன், புதுக் கார். இவர் படத்தை விரித்துப் பார்க்கவே இல்லை.

"களைதாங்க முக்கியம், கலர்ல என்ன இருக்கு?" என்றார் தரகரிடம். கொஞ்சம் தயங்கிவிட்டு, "கார் வெள்ளைதானே?"