எச்சில் பட்டால் அம்பேல்!

கேள்வி: பல் அடைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, பெயர்ந்து சோற்றோடு உள்ளே போய்விட்டது. மருந்து மட்டமா, டாக்டர் மட்டமா? (அபர்தீன் பஜார் கடைக்காரர்)

பதில்: 2024-ல் ஊர்ப் பெயரே ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது, உங்கள் பல்லில் மட்டும் அதே பழைய ஓட்டை! இருவரையும் விட்டுவிட்டு முதலில் எச்சிலைச் சந்தேகப்படுங்கள். சொத்தையைக் குடைந்ததும் பல்லின்மேல் தூளும் கூழுமாக ஒரு படலம் அப்பிக்கொள்ளும். அதை எடுக்கத்தான் ஆசிட் ஜெல் தடவிக் கழுவுகிறார்கள். கழுவிய இடத்தில் ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் அதிலுள்ள புரதம் ஒட்டிக்கொள்ளும், அடைப்பு பிடிக்காது. மறுபடி ஆசிட் வைக்க வேண்டியதுதான். நடுவில் "துப்பணும் டாக்டர்" என்று எழுந்தவர் நீங்கள்தானே?

கேள்வி: பல்லுக்கு ஆசிட்டா? அரித்துவிடாதா அண்ணே? (ஜங்லிகாட் மீனவர்)

பதில்: அரிக்கும் தம்பி, அரிக்கத்தானே வைக்கிறார்கள்! ஃபைபர் படகில் ஓட்டை விழுந்தால் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் ரெசின் பூசுவீர்களா? வெள்ளை அடைப்பும் ரெசினும் கண்ணாடித் தூளும் கலந்ததுதான். உங்கள் படகுக்குப் பங்காளி முறை. உலோகத்தில் பெயிண்ட் பிடிக்கப் பாஸ்பாரிக் அமிலம் பூசுவார்கள். அதைப் பார்த்து அமெரிக்கப் பல் டாக்டர் புவோனோகோர் 1955-ல் பல்லிலும் 30 வினாடி வைத்துப் பார்த்தார். அவர் வைத்தது 85 சதவீத அமிலம். இன்று 37 சதவீதமே போதுகிறது. எனாமலில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும், ரெசின் அவற்றுக்குள் இறங்கி இறுகும்.

ஒரே ஒரு இடத்தில் படகுக் கணக்கு உதவாது. எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினை மொறமொறவென்று காயவைத்தால் அதன் கொலாஜன் நார்கள் படுத்துக்கொள்ளும், ரெசின் நுழைய வழியிருக்காது. தண்ணீர் தேங்கவும் கூடாது, வறளவும் கூடாது. டாக்டர் காற்றடிக்கிறாரே, அந்தச் சில வினாடிகளில்தான் அவர் படித்த படிப்பெல்லாம் தெரியும்.

கேள்வி: பல் அடைக்கும்போது வாயில் ரப்பர் ஷீட் மாட்டினார்கள், மூச்சு முட்டியது. அவசியமா? (கச்சல் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த அம்மா)

பதில்: பால் வெட்டிய கைக்கு ரப்பர் காட்டும் நன்றி என்று வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. 1864-ல் நியூயார்க் பல் டாக்டர் பார்னம் கண்ட உபாயம் இது. எச்சிலோடு மூச்சின் ஈரத்தையும் தடுக்கும். நம் தீவு மழைகூட வாய்க்குள் இருக்கும் ஈரத்துக்கு ஈடில்லை. மூக்கு திறந்துதானே இருக்கிறது?

கேள்வி: முகாமில் மெஷினே இல்லாமல் கையால் சுரண்டி அடைத்தார்கள். ஏமாற்றா? (காம்ப்பெல் பே வாசகர்)

பதில்: இல்லை. கரண்ட் இல்லாத ஊர்களுக்காக 1980-களில் டான்சானியாவில் தொடங்கிய முறை. அதில் அடைக்கும் கிளாஸ் அயனோமர் சிமெண்ட் பல்லின் கால்சியத்தோடு நேரடியாகவே பிணைந்துகொள்ளும். கடும் ஆசிட் வேண்டாம், மென்மையான அமிலத்தால் துடைத்தால் போதும். ஆனால் ஓட்டையின் விளிம்பில் சொத்தை மிச்சமிருந்தால் சிமெண்ட்டைத் திட்டிப் பயனில்லை. சின்னக் குழிக்கு நல்ல உழைப்பு. இரண்டு பல்லுக்கு இடையிலான பெரிய ஓட்டைக்கு அவ்வளவு நம்பாதீர்கள்.

கேள்வி: அடைத்த பிறகு வெற்றிலை பாக்கு எப்போது போடலாம்? (கார் நிக்கோபார் வாசகர்)

பதில்: சிமெண்ட் என்றால் ஒரு மணி நேரமாவது எதையும் மெல்லாதீர்கள். ரெசின், விளக்கு அடித்ததுமே இறுகிவிடும். ஆனால் விளிம்பு சரியாக ஒட்டாமல் போயிருந்தால் வெற்றிலைச் சாறு அங்கே கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும். எக்ஸ்ரே செலவு மிச்சம்!