இரவு ரயிலில் மின்னேற்றம்: ஓர் ஐந்திணை ஆய்வு

இரவு ரயிலில் செல்பேசியை விடியும்வரை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். இத்துறையில் முன்னாய்வு எதுவும் கண்ணில் படவில்லை. முன்னாய்வு இல்லாத இடத்தில் முதலில் எழுதுபவரே முன்னோடி ஆகிவிடுவதால் இத்துறை தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆய்வுக்களம், தென்மாவட்டம் செல்லும் ஒரு வண்டியின் ஏசி இல்லாத தூங்கும் வசதிப் பெட்டி. வண்டியின் பெயரும் எண்ணும் ஆய்வறம் கருதி மறைக்கப்படுகின்றன. தகவலாளிகளான சக பயணிகள் அவரவர் பெர்த்தால் மட்டும் சுட்டப்படுகிறார்கள்.

எப்பொருளையும் ஐந்திணைக்குள் அடக்கிவிட வேண்டும் என்பது தமிழாய்வின் எழுதாச் சட்டம். அடங்க மறுக்கும் பொருளைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளலாம். இங்கு அந்தச் சிரமமும் இல்லை.

1. குறிஞ்சி

உரிப்பொருள் புணர்தல். சார்ஜரின் கால்கள் பிளக் பாயிண்டில் பொருந்துவதை இது குறிக்கும். வீட்டில் 230 வோல்ட்; இப்பெட்டியில் 110. பெட்டிக்கு அடியில் சக்கர அச்சோடு பெல்ட்டில் சுழலும் ஆல்டர்னேட்டரும் அதன் பேட்டரிகளும் தரும் மின்சாரம் அது. பாதி வோல்ட்டுக்குச் சார்ஜர் முகம் சுளிப்பதில்லை. '100-240' என்று அதன் முதுகிலேயே பொடி எழுத்தில் பொறித்திருக்கிறது. இக்கல்வெட்டை இதுவரை யாரும் படியெடுக்காதது நம் துறைக்குத் தலைக்குனிவு.

தீ விபத்தைத் தவிர்க்க, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் பாயிண்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவைப்பது என 2021 மார்ச்சில் ரயில்வே முடிவெடுத்தது. குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம் என்பது இலக்கணம். ரயில்வேயோ யாமம் பார்த்துப் புணர்ச்சிக்குத் தடை போடுகிறது. இந்த மரபு மீறலைக் கண்டித்து மூன்று நாள் தேசியக் கருத்தரங்கு நடத்தலாம், நிதி வந்தால்.

2. முல்லை

உரிப்பொருள் இருத்தல். பைக்குள் பொறுத்திருக்கும் பவர் பேங்க். இதன் உயிரான லித்தியம் அயான் பேட்டரி 1991இல் சந்தைக்கு வந்தது. 2019இல் அதற்காகக் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. மூவர் என்பதால் மூவேந்தரோடு தொடர்புபடுத்தி ஒரு கட்டுரை தயாராகிவருகிறது.

உறையில் 10,000 எம்ஏஎச் என்று இருக்கும். அந்த எண், உள்ளிருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கானது, அதாவது 37 வாட்-அவர். வெளியே வருவது 5 வோல்ட்டில் என்பதால் கணக்கு 7,400 ஆகிவிடும். மாற்றும்போது சூடாகி வீணாவதைக் கழித்தால் ஆறாயிரத்துச் சொச்சம். இதை ஏமாற்று என்று சொல்லிவிடக் கூடாது. முந்நூறு பக்க முனைவர் பட்ட ஆய்வேட்டில் மேற்கோளையும் நன்றியுரையையும் கழித்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

முதுகில் சூரியத் தகடு ஒட்டிய உட்பிரிவும் உண்டு. உள்ளங்கை அகலத் தகடு உச்சி வெயிலிலேயே 2 வாட் தந்தால் பெரிது. அப்படியானால் 37 வாட்-அவர் நிரம்ப உச்சி வெயில் மட்டும் 18 மணி நேரத்துக்கு மேல் காய வேண்டும். இதை நம்பி இரவு ரயில் ஏறியவர் மிடில் பெர்த்தில் இருந்தார். மனிதாபிமானம் கருதி அவர் நேர்காணப்படவில்லை.

3. மருதம்

உரிப்பொருள் ஊடல். ஒரு பாயிண்ட், எட்டு பெர்த்.

4. நெய்தல்

உரிப்பொருள் இரங்கல். "சார்ஜ் போகப்போவுது, எறங்கினதும் பேசுறேன்" என்பதே இத்திணையின் முழு இலக்கியம்.

5. பாலை

உரிப்பொருள் பிரிதல். பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. லூஸ் கான்டாக்ட்டுக்கும் அப்படியே. பலர் பல காலம் குத்திப் பிடுங்கியதில் துளைக்குள் இருக்கும் உலோக இதழ்கள் அகன்று பிடி தளர்ந்துவிடும். சார்ஜர் தன் எடை தாங்காமல் தலை தொங்கும். வண்டி தடம் மாறும் குலுக்கலில் திரையிலுள்ள மின்னல் குறி மறையும். இப்பிரிவைத் தடுக்க மக்கள் கண்ட கருவி ஆப்பு.

ஆப்பு மரபு இரண்டு: அடியில் தண்ணீர் பாட்டிலை நிறுத்தும் முட்டுப் பள்ளி, இடுக்கில் காகிதம் செருகும் திணிப்புப் பள்ளி. முட்டுப் பள்ளி, பாட்டில்காரருக்குத் தாகம் எடுத்ததும் வழக்கொழிந்தது. திணிப்புப் பள்ளியில் பயணச்சீட்டை நான்காக மடிப்பது மூலபாடம் (லோயர் பெர்த், வாய்மொழி). எட்டாக மடிப்பது பாடபேதம் (சைடு அப்பர், பல் துலக்கியபடி, பொருள் தெளிவில்லை). சீட்டே செல்பேசிக்குள் போய்விட்ட காலத்தில் இட்லிப் பொட்டலத்தின் செய்தித்தாளே சான்று நூல் என்பர் சிலர் (லோயர் பெர்த், இரண்டாம் பதிப்பு, கைகழுவிய பின்). எண்ணெய்ப் பிசுக்குள்ள தாள் வழுக்கும் என்று மறுத்தார் மிடில் பெர்த் உரைகாரர். அம்மறுப்புக்கு அப்பர் பெர்த் உரைகாரர் விழுப்புரத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவே போர்வைக்குள்ளிருந்து அருளிய விளக்கவுரையில் ஒரே ஓர் அடிதான் கிடைத்திருக்கிறது: "லைட்ட ஆஃப் பண்ணுங்க சார்." இதிலுள்ள லைட், அறியாமையின் எதிர்ப்பொருளாக வந்த உருவகம் என்பது ஒரு கருத்து. அடி முழுதும் இடைச்செருகல் என்பது மற்றொன்று. இரண்டையும் சொன்னவன் நானே. ஒன்றை மறுத்து மற்றொன்றை மேற்கோள் காட்டி இன்னும் நான்கு கட்டுரைகளுக்கு இடமிருக்கிறது.

இந்நிலையில் சைடு லோயரிலிருந்த கல்லூரி மாணவி எழுந்து வந்து, "குடுங்க அங்கிள்" என்று சார்ஜரை வாங்கி, அதன் இரண்டு கால்களையும் விரலால் லேசாக அகட்டி மறுபடி செருகினாள். கெட்டியாக நின்றுவிட்டது. ஆய்வுச் சட்டகத்துக்குள் வராததால் இத்தரவு நீக்கப்படுகிறது.

முடிவுரை

சிக்னல் இல்லாத வழியில் கோபுரம் தேடித் தேடியே செல்பேசி களைத்துப்போகும். அங்கே அதை ஏரோப்ளேன் மோடில் போடலாம். அதற்கும் முன்னால், வீட்டிலேயே முழுக்க சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பலாம். இதை இரண்டு வரியில் முடித்திருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டு வரிக்குப் பதவி உயர்வில் மதிப்பெண் தருவதில்லை.