இரண்டாவது மிட்டாய்

கம்பெனியில் மனவளப் பயிற்சி என்று நட்சத்திர ஓட்டலுக்கு அழைத்துப் போனார்கள். கோட்டு போட்ட பயிற்சியாளர், வறுமையில் வளர்ந்தவர்களைப் பெரியவர்களான பிறகும் விடாமல் பிடித்து ஆட்டும் வியாதி ஒன்று இருப்பதாகச் சொன்னார். பெயர், ‘பற்றாக்குறை மனநிலை’. அறிகுறிகள்: கிடைத்ததை உடனே தின்பது, வந்த காசை அன்றே செலவழிப்பது, ஓசியில் எது வந்தாலும் எடுத்துக்கொள்வது. மூன்றும் எனக்கு உண்டு. நாற்பத்தாறு வயது, மாதம் பிறந்தால் சம்பளம், ஆனாலும் உண்டு.

ஆதாரத்துக்கு அந்த மிட்டாய்க் கதையை எடுத்தார். ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர், பல்கலைக்கழக நர்சரிப் பிள்ளைகள் முன்னால் ஒரு மார்ஷ்மெல்லோவை வைத்து, “நான் வரும்வரை தொடாமல் இருந்தால் இன்னொன்று” என்றாராம். பொறுத்த பிள்ளைகள் பிற்பாடு படிப்பில் கெட்டியாம். பொறுக்காதவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். 2018-ல் சுமார் 900 பிள்ளைகளின் விவரத்தை வைத்து மறுபடி பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பொறுமையின் மகிமை பெரும்பாலும் கரைந்துபோனது. அதைச் சொன்னால் அவருடைய ஃபீஸும் கரையும்.

அந்தச் சோதனையை நானும் எழுதியவன்தான். பிள்ளைகள் நாலு பேர், அவித்த முட்டை ஒன்று. அம்மா நூலைக் கொடுத்து நாலாக அறுப்பாள், மஞ்சள் கரு சிந்தாமல். என் பங்கைக் கடைசியில் தின்னலாம் என்று சோற்றுக்கடியில் புதைத்து வைத்தேன். சின்னண்ணன் தோண்டித் தின்றுவிட்டான். அழுததற்கு அடி எனக்குத்தான்: “யாருடா பொத்தி வைக்கச் சொன்னது? வாயில போடறதுதானே!” இன்றைக்கும் பிரியாணி வந்தால் என் கை முதலில் முட்டைக்குத்தான் போகும்.

பொறுமை வேண்டுமா? அப்பாவிடம் இருந்தது. விழுப்புரம் பக்கம் ஒன்றரை ஏக்கர் கரும்பு. வளர்த்து முடித்துவிட்டு ஆலையின் வெட்டு உத்தரவுக்குக் காத்திருப்பார். பூ வைத்து, சோகை காய்ந்து, எடை இறங்கும், காத்திருப்பார். வெட்டி ஆலைக்கு அனுப்பியபின் பணத்துக்குக் காத்திருப்பார். 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி. அப்பா ஒருமுறை பதினான்கு மாதம் காத்திருந்தார். அம்மாவின் தோடும் அடகுக் கடையில் காத்திருந்தது. அங்கே வட்டி மட்டும் காத்திருக்கவில்லை.

எங்கள் ஆட்களின் மூளையைக்கூட அளந்து பார்த்திருக்கிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகள். 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. அறுவடைக்கு முன்னால் புதிர்களில் தடுமாறிய அதே ஆள், கையில் காசு வந்தபின் தெளிவாகப் போட்டார். சரியான ஆய்வு, குறை சொல்ல மாட்டேன். கடன்காரன் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது எவனுக்குப் புதிர் ஓடும்? என் ஆத்திரமெல்லாம் ஒன்றுதான்: பாக்கி வைத்த ஆலை முதலாளி ஒருவரையாவது அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்களா? ஊரான் கரும்பைப் பிழிந்து, சர்க்கரையை விற்றுக் காசாக்கி, 14 நாள்கூடக் கையை அடக்கத் தெரியாத பிள்ளைக்கு என்ன மார்க் போடுவீர்கள்?

அவருக்கு அது வியாதி இல்லையாம், ‘நிதி நெருக்கடி’யாம். 2015-ல் நிலுவையைத் தீர்க்க என்று மத்திய அரசு ஆலைகளுக்கு 6,000 கோடி ரூபாய்வரை சலுகைக் கடன் அறிவித்தது. ஸ்டான்ஃபோர்டில் பொறுத்த பிள்ளைக்குத்தான் இரண்டாவது மிட்டாய். இங்கே முதல் மிட்டாயைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்த பிள்ளைக்கு.

டீ இடைவேளை விட்டார்கள். மேஜையில் சின்னச் சின்னச் சர்க்கரைப் பொட்டலங்கள். நாலு எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். பயிற்சியாளர் பார்த்துவிட்டார். “பாத்தீங்களா சார், காலையில சொன்னேனே, இதுதான் அது” என்று சிரித்தார்.

“எங்கப்பாவுக்கு வரவேண்டிய பாக்கி சார்” என்று சொல்லி இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டேன்.