வீட்டோடு மாப்பிள்ளை

விண்டோஸ் கணினியில் வேறொரு பிரவுசரை இறக்கப் போய்ப் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் சொந்த பிரவுசரான எட்ஜ் குறுக்கே வந்து, என்னிடம் என்ன குறை கண்டீர்கள் என்கிற தோரணையில் நிற்கும். அதையும் மீறி மாற்றிக்கொண்டீர்களா? டாஸ்க்பாரில் ஒன்றைத் தேடுங்கள், திறப்பது எட்ஜ்தான். மாப்பிள்ளை வீட்டோடு வந்துவிட்டார், போகமாட்டார்.

இந்தச் சம்பந்தம் பழையது. விண்டோஸ் 98இல் தன் அன்றைய பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்புளோரரைப் பிணைத்த மைக்ரோசாஃப்ட், அது தனிச் சரக்கல்ல, விண்டோஸின் அங்கம், பிரித்தால் விண்டோஸே கெடும் என்று அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்த ஏகபோக வழக்கில் சாதித்தது. பிரின்ஸ்டன் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன் அதை நீக்கிக் காட்ட ஒரு புரோகிராம் எழுதினார். நீக்கினால் கணினி எப்படித் தள்ளாடுகிறது பாருங்கள் என்று நிறுவனம் ஒரு வீடியோ போட்டது. ஒரே கணினி என்று காட்டியதில் இருந்தவை வெவ்வேறு கணினிகள் என்பது 1999 விசாரணையில் அம்பலமானது. சினிமாக்காரர்கள்கூட டூப் போட்டால் ஒப்புக்கொள்வார்கள்! நிறுவனத்தை இரண்டாக உடைக்கச் சொன்ன 2000ஆம் ஆண்டு உத்தரவு, மறு ஆண்டே மேல்முறையீட்டில் உடைந்தது.

விண்டோஸ் 95க்குக் குறைந்தபட்சம் 4 எம்பி ரேம் போதும். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி. ஆயிரம் மடங்கு! தவணை கட்டி அதை வாங்கி வைத்தால், நீங்கள் கூப்பிடும் முன்பே எட்ஜ் வந்து ரேமில் உட்கார்ந்துகொள்ளும். இந்த அத்துமீறலுக்கு ‘ஸ்டார்ட்அப் பூஸ்ட்’ என்று பெயர் வேறு. தேடிப் பிடித்து அணைக்கும் வேலை உங்களுடையது. டீம்ஸைத் திறந்தாலும் புதிய அவுட்லுக்கைத் திறந்தாலும், உள்ளே வெப்வியூ2 என்ற பெயரில் இருப்பது அதே எட்ஜின் இன்ஜின்தான்.

குரோமும் ரேமைத் தின்பதில் சளைத்ததல்ல. ஆனால், ஒரு தளம் இன்னொரு தளத்தின் ரகசியத்தைத் திருடாதிருக்க, தளங்களைத் தனித்தனி புராசஸ்களில் ஓட்டுவதற்காகும் செலவை நான் குறை சொல்லமாட்டேன். என் காசில் வாங்கிய ரேமில், என்னைக் கேட்காமல் பாய் விரிப்பதைத்தான் சொல்கிறேன்.

2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் மைக்ரோசாஃப்ட் போன்ற பெரிய நிறுவனங்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. அங்கே எட்ஜை அன்இன்ஸ்டால் செய்யலாம் என்று மைக்ரோசாஃப்ட் வழிவிட்டது. அதனால் விண்டோஸ் கெட்டுவிடவில்லை. அதே விண்டோஸ், அதே எட்ஜ். இந்தியாவில் வாங்கியவருக்கு அந்த வசதி தரப்படவில்லை. ஆக, பிரவுசரைப் பிரிக்க முடியாது என்பது பொய். கேட்க நாதியில்லாத நாடுகளில் அந்தப் பொய்யை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.