ஆப்பசோடா எரிமலை

அறிவியல் கண்காட்சி நெருங்கினால் ஊரிலேயே அதிகம் உழைப்பவர் ஸ்டேஷனரி கடைக்காரர்தான். எரிமலை, சூரியக் குடும்பம், நுரையீரல், காற்றாலை, மழைநீர் சேகரிப்பு எல்லாம் ரெடிமேடாகக் கடை வாசலில் தொங்குகின்றன. பெயர் எழுத மட்டும் ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறார். பிள்ளையின் கையெழுத்து கோணலாக இருக்கிறதென்று அந்தக் கட்டத்தையும் அம்மாவே நிரப்பிவிடுகிறார். செயல்வழிக் கற்றல் என்று ரசீது போட்டு வசூலித்த கரஸ்பாண்டென்டுக்கும் மகிழ்ச்சி, கடைக்காரருக்கும் மகிழ்ச்சி. இதில் கை வைக்காத ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான்.

கண்காட்சியின் கதாநாயகன் எரிமலை. ஆப்பசோடாவில் வினிகரை ஊற்றினால் சிவப்புச் சாயத்தோடு நுரை பொங்குகிறது. சீஃப் கெஸ்ட் கைதட்டுகிறார். அமிலம் பட்டதும் ஆப்பசோடாவிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதைக் காட்ட அது அருமையான சோதனை. எரிமலைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பூமிக்கடியில் பாறைக்குழம்பில் கரைந்திருக்கும் வாயுக்கள், அழுத்தம் குறையும்போது குமிழிட்டுப் பெருகிக் குழம்பை மேலே தள்ளுகின்றன. அங்கே வினிகர் ஊற்ற யாருமில்லை. ஒரு கோலி சோடாவைக் குலுக்கித் திறந்து காட்டியிருந்தால்கூட உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் போயிருக்கலாம். ஆனால் சீஃப் கெஸ்ட்டின் வேட்டி நனைந்துவிடுமே!

அடுத்த மேசையில் 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்ற வாசகத்தைத் தெர்மாகோலில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். தெர்மாகோலும் பிளாஸ்டிக்தான். அலங்காரத்துக்கு அதைப் பயன்படுத்தக் கூடாதென்று மத்திய அரசு 2022 ஜூலையில் தடையே போட்டுவிட்டது. வைகை அணை நீர் ஆவியாகாமல் இருக்க 2017-இல் அமைச்சர் ஒருவர் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், காற்று அவற்றைக் கரைக்கே திருப்பி அனுப்பியதும் நினைவிருக்கும். நாடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் பள்ளிகளில் முதல் பரிசு வாங்கியிருக்க வேண்டிய மாடல் அது.

இதையெல்லாம் அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். 'உலகப் பண்பாட்டு நாள்' அப்படியல்ல. இங்கிலாந்து ராணி வேடத்துக்குச் சிவப்பான பிள்ளை, ஆப்பிரிக்காவுக்குக் கறுத்த பிள்ளை. போதாக்குறைக்கு முகத்தில் கரி வேறு. எத்தியோப்பியாவின் சொந்த எழுத்து, திம்புக்டுவின் சுவடிகள் உட்பட ஆப்பிரிக்காவின் 54 நாடுகளும் ஒரு வைக்கோல் பாவாடைக்குள் அடங்கிவிட்டன. தன் நிறம் இந்தப் பள்ளிக்கு எதற்குப் பயன்படும் என்பது மட்டும் அந்தப் பிள்ளைக்கு நன்றாகப் புரிந்துவிடும். இந்த அக்கிரமத்துக்குக் கேடயமும் சான்றிதழும் கொடுக்கிறார்கள்.

அதே மேடையில் பழங்குடி என்றால் இலைதழை கட்டிக்கொண்டு கூச்சலிட்டு ஆடுவது மட்டும்தான். ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சை எடுத்துவிட்டு, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளிலிருந்து முறிமருந்து தயாராகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அறிவியலும் பண்பாடும் ஒரே பாடமாக அடுத்த ஊரில் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் அவர்களை மேடையில் உட்காரவைத்தால் இன்டர்நேஷனல் என்று போர்டு மாட்டிய பள்ளியின் கௌரவம் என்னாவது?

பிள்ளைகள் உண்மையாகவே கையால் செய்து படித்த கதையும் இந்த நாட்டில் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகளே சோதனை செய்தார்கள், கண்டதை எழுதினார்கள், விவாதித்து முடிவுக்கு வந்தார்கள். தேர்விலும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். நன்றாக நடந்தால் விடுவார்களா? 2002-இல் மாநில அரசே இழுத்து மூடிவிட்டது.

பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் சார்ட்டுக்கும் தெர்மாகோலுக்கும் காசு கேட்டால், ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பிளஸ் டூ செய்முறைத் தேர்வின் 20 மதிப்பெண்ணுக்காக மட்டும்தான் அந்தக் கதவு திறக்குமா என்றும் கேளுங்கள். உங்கள் பிள்ளையின் முகத்தில் கரி பூச எந்த மிஸ் வந்தாலும், அந்தக் கையைத் தட்டிவிடுங்கள்.