மோருக்கு வந்த பவுசு

காரியாபட்டிப் பக்கம் காய்கறியைப் பச்சையாகத் தின்பவை ஆடும் மாடும்தான். மனிதர்களில் அப்படித் தின்பவர் இருந்தால் அவருக்குச் சர்க்கரை வியாதி வந்திருக்கிறது என்று பொருள்; ஊரே துக்கம் விசாரிக்கும். எங்கள் பூமிக்குத் தண்ணீர் குறைவு, வெயில் தாராளம். ஆகவே சீனியவரை, கத்தரி, சுண்டை, மிதுக்கங்காய் என்று எது கையில் அகப்பட்டாலும் உப்பையும் மோரையும் காட்டி மொட்டை மாடியில் பரப்பிவிடுவோம். காய் வத்தலாகி, வத்தல் எண்ணெயில் பொரிந்து இலைக்கு வரும்போதுதான் அது சாப்பாடு. ஓர் இலையைக் கழுவி அப்படியே தட்டில் வைத்தால், "ஏன், கேஸ் தீந்துபோச்சா?" என்று கேட்பார்கள்.

வெள்ளரிக்காய்க்கு மட்டும் விலக்கு உண்டு. சாத்தூர் பக்கம் போகிற பஸ்ஸும் ரயிலும் நின்றால் ஜன்னலோரம் வெள்ளரிக்காய் வந்துவிடும். நீளவாக்கில் கீறி, உள்ளே உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவித் தருவார்கள். அதுதான் இந்தக் கரிசல் சீமையின் சாலட். அதை வெண்ணெய் மாதிரி வழுவழுப்பாக்க வேண்டும் என்று இங்கே எவருக்கும் தோன்றியதில்லை, என் அக்கா மகன் பெங்களூரிலிருந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்க வந்து சேரும்வரை.

வந்தவன் கையில் மடிக்கணினி, இன்னொரு கையில் வெள்ளையாக ஒரு பாட்டில். டயட்டில் இருக்கிறானாம். தினமும் ஒரு வேளை சாலட். பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் சாமி படம் வைப்பதைப் போலப் பயபக்தியோடு வைத்தான். எண்பதைத் தாண்டிய என் அம்மா அதை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"இது என்னய்யா, சொவத்துக்கு அடிக்கிறதா?"

"ராஞ்ச், அம்மாச்சி. சாலட்டுல ஊத்திக்கிறது."

அம்மா ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினார். கண்ணை மூடித் தீர்ப்பளித்தார்: "மோரு. பூண்டு தட்டிப் போட்ட மோரு. கெட்டுப் போகாம இருக்க என்னமோ மருந்தும் போட்டிருக்கான்."

அவன் சிரித்தான். ஆனால் அம்மா சொன்னது வரலாற்றுப்படி சரி. ஸ்டீவ் ஹென்சன் என்ற அமெரிக்கர் 1950 வாக்கில் அலாஸ்காவில் பிளம்பிங் ஒப்பந்தக்காரராக இருந்தார். குழாய் வேலைக்கு வந்த ஆட்களுக்குச் சமைத்தும் போட்டார். அப்போது அவர் கலக்கியதுதான் இந்தச் சரக்கு: மோர், மயோனைஸ், பூண்டு, வெங்காயம், கொஞ்சம் தழை. பிறகு 1954-இல் கலிபோர்னியாவில் சாந்தா பார்பரா அருகே ஒரு பண்ணையை வாங்கி 'ஹிடன் வேலி ராஞ்ச்' என்று பெயர் வைத்தார். தங்க வந்த விருந்தாளிகள் அறையை மறந்துவிட்டு மோரைப் புகழ்ந்தார்கள். மனிதர் விவரமானவர், மசாலாப் பொடியைப் பொட்டலம் கட்டித் தபாலில் அனுப்பத் தொடங்கினார். மோரும் மயோனைஸும் வாங்குகிறவர் பொறுப்பு. 1972-இல் இந்தத் தொழிலை 80 லட்சம் டாலருக்கு வாங்கிய கம்பெனி எது தெரியுமா? குளோராக்ஸ். துணி வெளுக்கும், தரை கழுவும் பிளீச்சிங் திரவத்துக்குப் பேர்போன நிறுவனம். "சொவத்துக்கு அடிக்கிறதா" என்று கேட்ட என் அம்மா, அப்படி ஒன்றும் வெகுதூரம் விலகிப் போய்விடவில்லை.

சாலட் உலகத்தின் இன்னொரு பெரிய மனிதர் சீசர். ரோமாபுரிச் சக்கரவர்த்தி அல்ல. சீசர் கார்டினி, மெக்சிகோவின் திஹுவானா நகரில் உணவகம் நடத்திய இத்தாலியர். 1924-இல் அவர் கடையில்தான் சீசர் சாலட் பிறந்தது என்பார்கள். அமெரிக்காவில் அப்போது மதுவிலக்கு. குடிப்பதற்காக எல்லை தாண்டிப் போனவர்கள் கீரை தின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். நம் பக்கம் அதே காரியத்துக்காகப் பாண்டிச்சேரி போனவர் எவரும் கீரை தின்று வந்ததாகத் தகவல் இல்லை.

பாட்டில் தீர்ந்தது. காரியாபட்டியில் அடுத்த பாட்டில் கிடைக்காது. "வீட்டிலேயே செஞ்சிரலாம் மாமா" என்று கிளம்பிய மருமகன் முதலில் மளிகைக் கடைக்குப் போய் ஆலிவ் ஆயில் கேட்டான். அண்ணாச்சி அவனை மேலும் கீழும் பார்த்தார். "கொழந்தைக்கு எத்தன மாசம் தம்பி? அது மெடிக்கல்ல இருக்கும்." உண்மைதான். எங்கள் ஊரில் ஆலிவ் எண்ணெய் என்பது கட்டை விரல் உயரப் புட்டியில், மருந்துக் கடையில், பிள்ளைக்குத் தேய்த்துவிட விற்கும் பொருள். கல்யாணம் ஆகாத பையன் முகம் சிவந்து திரும்பினான்.

அடுத்தது மயோனைஸ். அதன் கதை தனி. மதுரை-தூத்துக்குடி நான்குவழிச் சாலை வந்த பிறகு, சாலையோரக் கடைகளில் கோழிகள் கம்பியில் குத்தப்பட்டுச் சுழலத் தொடங்கின. கூடவே ஒரு வாளி நிறைய வெள்ளைக் களிம்பும் வந்தது. பச்சை முட்டை மஞ்சள் கருவையும் எண்ணெயையும் அடித்துச் செய்வது. நாற்பது டிகிரி வெயிலில், திறந்த வாளியில், ஈக்களின் மேற்பார்வையில் அது நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்கு அதைவிட வசதியான விடுதி கிடையாது. கேரளம் 2023-இலும் தெலங்கானா 2024-இலும் தடை போட்டன. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவோ வைத்திருக்கவோ விற்கவோ கூடாது என்று உத்தரவிட்டது. அதற்கு முன்பு ஒரு கடையில், "தம்பி, இதுல முட்டை உண்டா?" என்று கேட்டால், "ஒரிஜினல் முட்டைண்ணே" என்று பெருமையாகச் சொல்வார்கள். தடை வந்த வாரம் அதே கேள்வியைக் கேட்டேன். "சேச்சே, எக்லெஸ்ணே." வாளி அதேதான்.

முட்டை இல்லாமலும் அந்தக் களிம்பைச் செய்ய முடியும் என்பது நிஜம். எண்ணெயும் தண்ணீரும் சேராத சாதி. நடுவில் ஒரு தரகர் வேண்டும். முட்டையில் அந்தத் தரகர் வேலையை லெசித்தின் பார்க்கிறது. பாலில் அதன் புரதம் பார்க்கிறது. அரைத்த கடுகும் ஓரளவு கைகொடுக்கும். நன்றாகக் குளிர்ந்த, காய்ச்சி ஆறிய பால் அரை டம்ளர், எண்ணெய் ஒரு டம்ளர், அரைத் தேக்கரண்டி கடுகுத்தூள், உப்பு. பாலையும் கடுகையும் மிக்ஸியின் சட்னி ஜாரில் ஓடவிட்டு எண்ணெயை நூல் போல இறக்க வேண்டும். கெட்டியான பிறகு எலுமிச்சைச் சாறு. அவ்வளவுதான்.

மருமகனுக்கு நூல் போல என்ற பொறுமை ஏது? எங்கள் வீட்டு மிக்ஸி, 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் அம்மாவின் குடும்ப அட்டைக்கு வந்தது. இத்தனை ஆண்டுகளாகத் தேங்காய், பொட்டுக்கடலை என்று உள்ளூர் விவகாரங்களை மட்டும் கவனித்து வந்த அந்த இயந்திரத்துக்குள் ஒரே மூச்சில் ஒரு டம்ளர் எண்ணெயைக் கொட்டினான். உறுமியது, சூடானது, நின்றது. திறந்து பார்த்தால் பால் கீழே, எண்ணெய் மேலே. "பாகம் பிரிச்ச பங்காளி மாதிரில்ல நிக்குது!" என்றார் அம்மா.

பிரிந்ததை ஒட்டவைக்க வழி உண்டு. ஜாரைக் கழுவி, புதிதாகக் கொஞ்சம் குளிர்ந்த பால் விட்டு, பிரிந்த கலவையையே சிறிது சிறிதாக அதில் இறக்கினால் சேர்ந்துவிடும். என் மனைவி அதைச் செய்தாள். களிம்பு வந்தது, ருசியும் இருந்தது. ஆனால் செக்குக் கடலை எண்ணெயில் செய்ததால் பஜ்ஜி சுட்ட சட்டியின் வாசம் அடித்தது. இதற்கு வாசமில்லாத சூரியகாந்தி எண்ணெய்தான் சரி. நல்லெண்ணெய் ஊற்றினால் சாலட் சாப்பிடுகிறோமா, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோமா என்ற சந்தேகம் வரும்.

இந்த இடத்தில்தான் நான் தலையிட்டேன். எங்கள் விருதுநகர் மாவட்டத்தின் பெருமை சம்பந்தப்பட்ட விஷயம் இது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று மிளகாய் வத்தலுக்கும் மல்லிக்கும் உளுந்துக்கும் எண்ணெய்க்கும் விலை போடுகிறார்கள். ஊர் ஊராகப் போகும் இதயம் நல்லெண்ணெய் விருதுநகர்ச் சரக்கு. கிழக்கே திருச்சுழியைத் தாண்டிக் கமுதிப் பக்கம் போனால் முண்டு வத்தல். அப்படிப்பட்ட சீமையில் உட்கார்ந்துகொண்டு, சாலட்டில் ஊற்ற ஒன்றுமில்லை என்று ஒருவன் கையைப் பிசைவதா?

அமெரிக்கர் மோரில் தொடங்கினார். நாம் அதற்கு ஒரு படி மேலே தயிரில் தொடங்கலாம். தயிரைப் பருத்தித் துணியில் கட்டி நாலைந்து மணி நேரம் தொங்கவிட்டால் தெளிவு நீர் இறங்கி, கரண்டியில் நிற்கிற பதத்துக்கு வரும். வெயில் காலத்தில் இதைக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே செய்ய வேண்டும். வெளியே கட்டினால் சாயங்காலம் தெருவே புளிக்கும். ஒரு பூண்டுப் பல்லை உப்பு வைத்து நசுக்கிச் சேர்க்க வேண்டும். வறுத்துப் பொடித்த சீரகமும் மல்லியும் அரை அரைத் தேக்கரண்டி, கொஞ்சம் மிளகு. இறங்கிய தெளிவைக் கொட்டிவிடாதீர்கள். ரசத்துக்கோ சப்பாத்தி மாவுக்கோ ஆகும். என் அம்மா அதை அப்படியே குடித்துவிடுகிறார்.

கடைசியில் ஒரு கரண்டி எண்ணெயில் கறிவேப்பிலையும் ஒரு வத்தலும் தாளித்து ஆறவைத்துக் கலந்தால், பாட்டில்காரர்கள் நெருங்கவே முடியாது. மசாலா வாசனைகளில் பெரும்பாலானவை எண்ணெயில் கரைபவை. எண்ணெய் அவற்றை நாக்கின் எல்லா மூலைக்கும் சுமந்து போகிறது. கடுகின் சங்கதி வேறு. தாளித்த கடுகு வெடித்துச் சத்தம் போடுமே தவிர, உறைக்காது. காரத்தை உண்டாக்கும் நொதி சூட்டில் செத்துவிடும். பச்சைக் கடுகை அரைத்துப் பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்தால்தான் மூக்கில் ஏறும். நம் கடுகுப் பச்சடியின் சூட்சுமம் அதுதான்.

அடுத்தது எள். மத்தியக் கிழக்கின் தஹினி என்று ஜாடியில் அடைத்துப் பெரிய விலைக்கு விற்பது எள்ளை அரைத்த விழுதுதான். வெள்ளை எள்ளைச் சிறு தீயில் வெடிக்க வறுத்து, ஆறியதும் எண்ணெய் விட்டுக்கொள்ளும்வரை அரைக்க வேண்டும். தீ கூடினால் கசந்துவிடும். பூண்டும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தவுடன் விழுது இறுகிக் களிமண்ணாகும். மருமகன் பதறினான். பதற வேண்டாம். குளிர்ந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கலக்கினால் இளகி, நிறம் வெளுத்து, பாலேடு போல வரும். பாலே சேர்க்காமல் பாலேடு! அம்மா மட்டும் நம்பவில்லை. "திவசத்துக்கு இறைக்கிற எள்ள எதுக்குய்யா கேரட்டுல ஊத்துற?"

நிலக்கடலைதான் அம்மாவைச் சமாதானப்படுத்தியது. வறுத்துத் தோல் புடைத்த கடலை ஒரு கைப்பிடி, வறுத்த வத்தல் இரண்டு, சுண்டைக்காயளவு புளி, கொஞ்சம் கருப்பட்டி, ஒரு பல் பூண்டு, வெந்நீர் விட்டு மைய அரைத்தால் தளதளவென்று ஊற்றுகிற பதம். இந்தோனேசியாவில் கடோ-கடோ என்று இதற்கு அண்ணன் தம்பி முறையில் ஒன்று இருக்கிறது. காய்களை வேகவைத்து மேலே கடலைச் சாந்தை ஊற்றுவார்கள். அதைச் சொன்னதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வேக வைக்கிறாங்களா? அவங்க மனுசங்க."

எதை ஊற்றினாலும் பரிமாறும்போதுதான் ஊற்ற வேண்டும். உப்புப் பட்ட வெள்ளரி கால் மணி நேரத்தில் தண்ணீர் விட்டுவிடும். எங்கள் வெயிலில் அதற்குமுன்பே அழத் தொடங்கும். முதலிலேயே லேசாக உப்புப் பிசிறி வைத்து, விட்ட நீரைப் பிழிந்துவிட்டால் சாந்து ஓடாமல் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது மருமகன் ஒரு கிண்ணம் வெள்ளரிக்கு ஒரு கிண்ணம் கடலைச் சாந்து ஊற்றிச் சாப்பிடுகிறான். டயட் என்ன ஆயிற்று என்று கேட்டால், "சாலட்தானே மாமா" என்கிறான். இடுப்புப் பட்டையில் புது ஓட்டை போட வேண்டியிருக்கிறது, வெளிப்பக்கமாக. எள்ளும் கடலையும் எண்ணெயும் எந்தப் பெயரில் போனாலும் கொழுப்புதான். ஓர் ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும்.

செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இவை எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். தயிர்ச் சாந்தையும் பால் மயோனைஸையும் இரண்டு நாளுக்குள்ளும், கடலையை மூன்று நாளுக்குள்ளும் தீர்த்துவிடுங்கள். பூண்டும் எலுமிச்சையும் சேராத வெறும் எள் விழுது வாரக்கணக்கில் தாங்கும். ஈரக் கரண்டியை மட்டும் உள்ளே விடாதீர்கள்.